இறால் ஓடும் கடற்பாசியும் செய்யக்கூடிய வேலை

கழிவுநீரில் கலக்கும் சர்க்கரை, கொழுப்பு, புரதம் போன்றவற்றை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லத் தின்று தீர்த்துவிடும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல், தாமிரம் ஆகிய கன உலோகங்களுக்கு அந்த வழி கிடையாது. அவை தனிமங்கள். இடம் மாறும், வடிவம் மாறும், ஒன்றோடு ஒன்று சேரும், பிரியும், அழியாது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில், உற்பத்தி நின்று இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. ஆலை போய்விட்டது, முதலாளி போய்விட்டார், மழைதோறும் மஞ்சள் நீர் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டிய தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தீர்ப்பு வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. நீரிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுப்பது எப்படி, பிரித்ததை எங்கே வைப்பது என்ற கேள்விகள் இன்னும் தீரவில்லை.

இந்த இடத்தில்தான் இறால் ஓடு, கடற்பாசி, மரப்பட்டை, வைக்கோல், மரத்தூள் முதலியவற்றின் பெயர்கள் அடிபடுகின்றன. இவற்றில் உள்ள கைட்டின், ஆல்ஜினேட், டேனின், செல்லுலோஸ் ஆகிய இயற்கைப் பாலிமர்கள் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. பல்கலைக்கழகந்தோறும் யாரோ ஒருவர் இதில் முனைவர் பட்டம் பெற்றிருப்பார். ஆனால் இதை அன்றாடம் பயன்படுத்தும் ஆலைகளைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு தரப்பு இதை அதிசய மருந்தாகக் கொண்டாடுகிறது. இன்னொரு தரப்பு ஆய்வகத்தைத் தாண்டாத விளையாட்டு என்று ஒதுக்குகிறது. இரண்டு தரப்புமே இந்தப் பொருள்களைத் தவறான வேலைக்கு நிறுத்திப் பார்க்கின்றன என்பது என் வாதம். இவற்றுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. அது சிறியது, ஆனால் இன்று சரியாகச் செய்யப்படாதது.

முதலில், இப்போது நடப்பதைப் பார்ப்போம். உலோகம் கலந்த கழிவுநீரில் சுண்ணாம்பையோ காஸ்டிக் சோடாவையோ கொட்டிக் காரத்தன்மையை ஏற்றுவார்கள். உலோகங்கள் ஹைட்ராக்சைடாக மாறிச் சேறாகப் படியும். மேலே நிற்கும் நீரை வடித்துவிட்டுச் சேற்றை அள்ளிக்கொள்ளலாம். மலிவான, எளிய முறை. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் உலோகம் உள்ள நீரை, சில மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவர இதற்கு நிகரான வழி இல்லை. சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு கார அளவில் படியும். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் பி.எச். 8ஐ ஒட்டி நன்றாகப் படிந்துவிடும். நிக்கலுக்கு 10ஐத் தாண்ட வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றினால் படிந்த குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். ஆறு இணைதிறன் குரோமியமோ எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் படியாது; முதலில் அதை வேதிப்பொருள் கொண்டு மூன்று இணைதிறனுக்குக் குறைக்க வேண்டும். இப்படிப் பல உலோகங்கள் கலந்த ஒரே தொட்டியில் ஏதாவது ஒன்று மிச்சம் நின்றே தீரும். சட்டம் அனுமதிக்கும் அளவோ மிகச் சிறியது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும், ஈயம் 0.1 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.01 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சில மில்லிகிராம்தான் சுண்ணாம்பின் கைக்கு எட்டாத பகுதி.

படிந்த சேறும் தீர்வல்ல. இடம் மாறிய கழிவு அது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்ததில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆற்றில் விடாமல் தடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதற்குமுன், தடுத்ததை யார் தலைக்குமேல் சேர்த்து வைத்திருக்கிறோம் என்றும் கேட்டாக வேண்டும். உலோகத்தைச் சேறாக்காமல், திரும்பப் பயன்படும் வடிவில் மீட்க வழி உண்டா என்ற கேள்விக்கு இயற்கைப் பாலிமர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதிலுக்காகத்தான் இவற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இறால், நண்டு ஓடுகளில் சுண்ணாம்புச் சத்து, புரதம் ஆகியவற்றோடு 15 முதல் 40 சதவீதம் வரை கைட்டின் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராக்கோனோ 1811இல் இதை முதலில் காளான்களில் கண்டறிந்தார். ஓட்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துபோகும். காரத்தில் வேகவைத்தால் புரதம் நீங்கும். எஞ்சும் கைட்டினை 40 முதல் 50 சதவீதச் செறிவுள்ள காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டால் கைட்டோசான் கிடைக்கும். இந்தக் கடைசிப் படியில்தான் விஷயமே இருக்கிறது. கைட்டினில் மூடிக்கிடந்த அமின் தொகுதிகள் கைட்டோசானில் திறந்துகொள்கின்றன. அமினில் உள்ள நைட்ரஜனிடம், யாரோடும் பகிர்ந்துகொள்ளாத ஓர் எலெக்ட்ரான் இணை இருக்கிறது. தாமிரம், பாதரசம் போன்ற உலோக அயனிகள் அந்த இணையை நாடிவந்து ஒட்டிக்கொள்கின்றன. இத்தாலிய வேதியியலாளர் முத்ஸாரெல்லி 1969இலேயே கைட்டோசானைக் கொண்டு கடல்நீரில் மிக நுண்ணிய அளவில் உள்ள உலோகங்களைச் சேகரிக்கலாம் என்று காட்டினார். அதன் முக்கியத்துவம் எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். கடல்நீரில் சோடியமும் மக்னீசியமும் கால்சியமும் கொள்ளை கொள்ளையாக இருக்கின்றன; அமின் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. அரிதாகக் கிடக்கும் தாமிரத்தைத் தேடிப் பிடிக்கிறது.

கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ராமநாதபுரம் கரையில் வழங்கும் பழுப்புக் கடற்பாசிகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவற்றின் செல்சுவரில் ஆல்ஜினேட் இருக்கிறது. அதன் நீண்ட சங்கிலிகள் மடிப்பு மடிப்பாக ஓடும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே சேரும்போது இடையில் குழிகள் உண்டாகும். இரட்டை நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகள் அந்தக் குழிகளில் அட்டையில் முட்டை அமர்வதுபோல் அமர்ந்துகொள்ளும். 1973இல் வெளியான இந்த விளக்கத்துக்கு அறிவியலாளர்கள் முட்டைப்பெட்டி மாதிரி என்றே பெயர் வைத்தார்கள். இயற்கையில் அந்தக் குழிகளில் கால்சியம் இருக்கும். ஈயமும் தாமிரமும் காட்மியமும் வந்தால் கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அவை உட்கார்ந்துகொள்ளும், ஈயத்துக்குத்தான் முதலிடம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் போஹுமில் வோலெஸ்கி குழுவினர் 1990களில் சர்காசம் எனப்படும் கட்டக்கோரை இனப் பாசிகளை ஆராய்ந்து, ஒரு கிராம் உலர்ந்த பாசி 200 மில்லிகிராமுக்கும் மேல் ஈயத்தை எடுத்துக்கொள்ளும் என்று கண்டார்கள். செத்துக் காய்ந்த பாசியே போதும். உயிரோடு வளர்க்க வேண்டியதில்லை.

இயற்கையானது என்றாலே எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடும் என்ற நம்பிக்கை ஒன்று உலவுகிறது. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்த பழக்கம் நம்மிடம் உண்டு. முருங்கை விதைக்கும் அந்தக் குணம் உண்டு. கொட்டையில் உள்ள மாச்சத்தும் விதையில் உள்ள புரதமும் களிமண் துகள்களை ஒன்றுசேர்த்துக் கீழே இறக்குகின்றன. துகளோடு ஒட்டியிருக்கும் உலோகம் கொஞ்சம் அதோடு இறங்கும். நீரில் கரைந்து நிற்கும் குரோமியமோ நிக்கலோ அப்படியே இருக்கும். கண்ணுக்குத் தெளிந்த நீர் உலோகம் நீங்கிய நீராகிவிடாது. தோல் தொழிற்சாலை ஓரத்துக் கிணற்று நீரை வீட்டு முறையில் சுத்தம் செய்து குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிஜக் கழிவுநீரில் ஒரு கிராம் கைட்டோசான் 50 மில்லிகிராம் உலோகத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு முலாம் பூசும் பட்டறை நாளொன்றுக்கு 5,000 லிட்டர் கழுவுநீரை வெளியேற்றுகிறது, அதில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் தாமிரம் இருக்கிறது என்றும் கொள்வோம். ஒரு நாளில் போகும் தாமிரம் 100 கிராம். அதைப் பிடிக்க 2 கிலோ கைட்டோசான் போதும். அமிலத்தால் கழுவி அதையே பத்து முறை பயன்படுத்தினால் நாளுக்கு 200 கிராம்தான் செலவு. இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். குரோமிய முறையில் தோல் பதனிடும்போது, வழக்கமான முறையில் தோல் எடுத்துக்கொள்ளும் குரோமியம் 60 முதல் 70 சதவீதம்தான். மிச்சமெல்லாம் நீரில் போகிறது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குரோமியம் உள்ள ஒரு லட்சம் லிட்டர் பதனிட்ட நீர் ஒரு நாளில் வெளியேறினால் அதில் 200 கிலோ குரோமியம் இருக்கும். அதைப் பிடிக்க 4,000 கிலோ கைட்டோசான் வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு. இதை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. அந்த நீரில் மக்னீசியம் ஆக்சைடைப் போட்டுக் குரோமியத்தைப் படியவைத்து, கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி தோலுக்கே பயன்படுத்தும் முறை ஏற்கெனவே இருக்கிறது. செறிந்த நீருக்குப் படியவைப்பது. படிந்தபின் எஞ்சும் நீருக்கும், தொடக்கத்திலேயே நீர்த்து வரும் கழுவுநீருக்கும் பாலிமர். இந்த எல்லையைக் கடந்து பேசுகிறவர்கள்தான் இந்தத் துறையின் மீதான நம்பிக்கையைக் கெடுக்கிறார்கள்.

எதிர்வாதங்களில் வலுவானது, ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் உள்ள தூரம். பெரும்பாலான ஆய்வுகள் தூய நீரில் ஒரே ஓர் உலோக உப்பைக் கரைத்து அளக்கின்றன. நிஜக் கழிவுநீரில் உப்பு, சவர்க்காரம், எண்ணெய், சாயம், வேறு பத்து உலோகங்கள் எல்லாம் இருக்கும். இந்த வாதத்தை ஒரே வரியில் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது; உலோகத்துக்கு உலோகம் பதில் வேறுபடுகிறது. கைட்டோசான் தாமிரத்தைப் பிடிக்கும்போது சாதாரண உப்பு பெரிய தடையில்லை என்பதைக் கடல்நீர்ச் சோதனை காட்டிவிட்டது. ஆறு இணைதிறன் குரோமியத்தின் கதை வேறு. அது நீரில் எதிர்மின்னூட்டம் கொண்ட குரோமேட்டாக இருக்கிறது. அமில நீரில் கைட்டோசானின் அமின்கள் நேர்மின்னூட்டம் பெற்று அதை இழுக்கின்றன. சல்பேட்டும் குளோரைடும் அதே இடத்துக்குப் போட்டிக்கு வரும். உப்பும் சல்பேட்டும் மிகுந்த தோல் கழிவுநீரில் இதனால் திறன் வெகுவாகச் சரியும். கடற்பாசிக்கோ கடின நீரில் உள்ள கால்சியம்தான் போட்டியாளர். முலாம் பட்டறையில் சயனைடு இருந்தால் அது உலோகத்தைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டு விடாது. சயனைடை முதலில் அழித்தாக வேண்டும். ஆகவே, இந்தப் பொருள் வேலை செய்யுமா என்ற பொதுக் கேள்விக்கு அர்த்தமில்லை. எந்தத் தொட்டியின் நீர், எந்த உலோகம், எந்த பி.எச். என்று கேட்டால்தான் பதில் வரும்.

இரண்டாவது எதிர்வாதம் வரலாற்றிலிருந்து வருகிறது. 1980களிலும் 90களிலும் வட அமெரிக்காவில் இத்தகைய பொருள்கள் வணிகப் பெயர்களோடு சந்தைக்கு வந்தன. சிலிக்கா ஜெல்லில் பாசியைப் பதித்துச் செய்த அல்காசார்ப் ஒன்று. பாசி முதலிய உயிர்ப்பொருள்களைப் பாலிசல்ஃபோன் மணிகளுக்குள் அடைத்து அமெரிக்கச் சுரங்கப் பணியகம் உருவாக்கிய பயோ-ஃபிக்ஸ் இன்னொன்று. இவை உலோகத்தைப் பிடிக்கத்தான் செய்தன. ஆனால் செயற்கை அயனிப் பரிமாற்றப் பிசின்கள் மூட்டைக்கு மூட்டை ஒரே தரத்தில் வந்தன, பல நூறு முறை கழுவினாலும் தாங்கின, விற்றவரே வந்து பழுது பார்த்தார். பாசியின் திறன் இனத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறியது. சுரங்கப் பணியகமே 1996இல் மூடப்பட்டது. இந்தத் தோல்விகளை மறைக்கக் கூடாது. அவற்றின் காரணத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும் வேதியியல் அங்கே தோற்கவில்லை. சீரான தரம், உடையாத மணி, தொடர்ந்த சேவை ஆகிய மூன்றும் இல்லாததே காரணம். வேதியியலர்களைவிடப் பொறியாளர்களும் தொழில்முனைவோரும் தீர்க்க வேண்டியவை அவை. ஆனால் அதற்குப் பிறகும் ஆய்வுலகம், கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற ஒரே எண்ணை உயர்த்துவதிலேயே காலத்தைக் கழித்திருக்கிறது. கைட்டோசானோடு கிராஃபீன் ஆக்சைடு, காந்தத் துகள், நானோ உலோகம் என்று சேர்த்துச் சேர்த்து எண் உயர்ந்தது. மலிவு, எளிமை என்ற அதன் இரண்டு சிறப்புகளும் போய்விட்டன. இந்தப் போட்டி எனக்கு வருத்தம் தருகிறது.

செய்முறையே மாசு உண்டாக்குகிறதே என்பது மூன்றாவது. உண்மைதான். கைட்டோசானுக்கு அமிலமும் காரமும் ஏராளமான நீரும் செலவாகின்றன. ஒரு நதியைக் காப்பாற்ற இன்னொரு நதியைக் கெடுப்பது நியாயமாகாது. உலகில் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் இறால், நண்டு ஓடுகள் கழிவாகின்றன என்ற மதிப்பீட்டைக் காட்டி, மூலப்பொருள் இலவசம் என்பார்கள். ஓடு இலவசமாக இருக்கலாம், கைட்டோசான் அப்படியல்ல. தரமானதை மருந்து, அழகுசாதனத் துறைகள் நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. கழிவுநீருக்கு அவ்வளவு தூய சரக்கு தேவையில்லை. புரதம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், நிறம் மங்கியிருந்தாலும் உலோகம் ஒட்டும். காரத்தை மறுசுழற்சி செய்யும் ஆலையில் தயாரான மட்டரகக் கைட்டோசானே இங்கே பொருத்தம்.

கடற்பாசிக்குப் பெரிய பதப்படுத்தல் வேண்டாம். ஆனால் அங்கே வேறு கவலை இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி தேசியப் பூங்கா. அங்கே பழுப்புப் பாசிப் படுகைகள் மீன்குஞ்சுகளின் வளர்ப்பிடம். பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இடையே நீண்டகாலமாக இழுபறி நடந்துவருகிறது. கழிவுநீருக்கென்று ஒரு புதிய சந்தை திறந்து, அந்தப் படுகைகளை மொட்டையடித்தால் அது பெருந்தவறு. ஆல்ஜினேட் எடுத்தபின் ஆலைகளில் மிஞ்சும் சக்கை இருக்கிறது. அதில் செல்லுலோஸும் கொஞ்சம் ஆல்ஜினேட்டும் எஞ்சியிருக்கும். தேட வேண்டியது அங்கேதான். 2011 முதல் கரீபியன் கரைகளில் டன் கணக்கில் ஒதுங்கும் சர்காசத்தைப் பயன்படுத்தலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். கடலிலிருந்தே ஆர்செனிக்கை எடுத்துக்கொண்டு வரும் பாசி அது. எதையும் சோதிக்காமல் நீரில் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: உலோகம் ஏறிய பாலிமரை என்ன செய்வது? இதற்குப் பதில் இல்லாமல் முடியும் ஆய்வு எவ்வளவு உயர்ந்த எண்ணைக் காட்டினாலும் அரைகுறையே. நிலத்தில் புதைத்தால் பாலிமர் மக்கும், உலோகம் வெளியே வரும். இயற்கைப் பொருள் என்பதே அங்கே எதிராகத் திரும்பிவிடும். எரித்தால் சாம்பலில் உலோகம் இருக்கும், பாதரசமாக இருந்தால் புகையோடு போய்விடும். சரியான வழி, நீர்த்த அமிலத்தால் கழுவி உலோகத்தைக் கழற்றுவது. கைட்டோசானில் ஏறிய தாமிரத்தை நீர்த்த கந்தக அமிலம் கழற்றிவிடும். கைட்டோசான் மற்ற பல அமிலங்களில் கரைந்தாலும் குளிர்ந்த நீர்த்த கந்தக அமிலத்தில் கரையாது. கிடைக்கும் நீலக் கரைசல் தாமிர சல்பேட். பட்டறை விலை கொடுத்து வாங்கும் சரக்கு அது. சில ஆயிரம் லிட்டரில் பரவிக்கிடந்த உலோகம் சில லிட்டருக்குள் வந்து சேர்கிறது. சேறு இல்லை, புதைக்க எதுவும் இல்லை. ஒரே உலோகம் பூசும் தொட்டியின் கழுவுநீரை மற்றவற்றோடு கலக்காமல், தொட்டிக்குப் பக்கத்திலேயே பிடித்தால்தான் இது நடக்கும். எல்லாப் பட்டறைகளின் நீரையும் ஒரே குழாயில் சேர்த்துப் பொது நிலையத்துக்கு அனுப்பிவிட்டால் மீட்கத்தக்க உலோகம் மீட்க முடியாத கலவையாகிவிடும்.

எதிர்ச்சவ்வூடு பரவல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். சவ்வு நல்ல நீரைத் தரும். உலோகத்தையும் உப்பையும் ஒன்றாகச் செறிவாக்கி ஒரு மூலையில் ஒதுக்கும். அந்தச் செறிநீரைக் கொதிக்கவைத்து உலர்த்த மின்சாரமும் விறகும் ஆகின்றன. இறுதியில் கிடைக்கும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை. பெரிய ஆலைகள் இந்தச் செலவைத் தாங்கும். கோயம்புத்தூரின் முலாம் பட்டறைகளில் பல, சில தொழிலாளர்களோடு நடக்கும் சிறு கூடங்கள். அவற்றால் சவ்வும் வைக்க முடியாது, பிசின் நிரப்பிய இறக்குமதிக் கலங்களையும் வாங்க முடியாது. சட்டத்தின் கடுமை கூடும்போதெல்லாம் அவை மூடப்படுகின்றன, அல்லது இரவில் சாக்கடையில் விடுகின்றன. இயற்கைப் பாலிமருக்கு உரிய இடம் அந்தக் கூடங்கள்தான்: கழுவுநீர்த் தொட்டியை ஒட்டி இரண்டு சிறு கலங்கள், ஒன்று நிரம்பும்போது மற்றொன்று வேலை செய்யும், நிரம்பியதை ஒரு பொது மையம் வாங்கிச் சென்று அமிலத்தில் கழுவி, உலோகத்தை மீட்டு, கலத்தைத் திருப்பித் தரும். அமிலத்தைக் கையாளும் பொறுப்பு பயிற்சி பெற்றவர்களிடம் இருக்கும். பட்டறைக்காரருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இதைத் தொடங்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தோல் ஆராய்ச்சி நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கைகோத்தால் ஒரு தொழிற்பேட்டையில் ஓராண்டுக்குள் நிரூபித்துவிடலாம். ஆய்வுகளுக்கு நிதி தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தூய நீரில் அளந்த உச்சத் திறனை மட்டும் காட்டும் விண்ணப்பங்களை இனி ஏற்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட பட்டறையின் நிஜக் கழுவுநீரில் எத்தனை முறை வேலை செய்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு உலோகம் திரும்பக் கிடைத்தது, தேய்ந்துபோன பாலிமர் கடைசியில் எங்கே போனது என்ற மூன்று கணக்கையும் கேளுங்கள். அந்தக் கணக்கைத் தர முடிந்தவர்களுக்குப் பட்டறைகளின் கதவைத் திறந்துவிடுங்கள்.